பாட்டும் பாடும்

(தலைப்பு: வானொலியில் கிராம வாழ்க்கையைப் பேச ஏற்றவர்கள் வல்லுநர்களே! ஊர்மக்களே! – ‘ஊர்மக்களே’ அணியில் பேசியது. இடம்: உழவர்கரை, புதுவை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்திருக்கும் வல்லுநர்களே! (சிரிப்பு) உழவர்கரைப் பெருமக்களே!

பிரெஞ்சுக்காரனுக்கு ‘ழ’ வரலை. அதனால ‘ஊல்காரே’ன்னு எழுதி வச்சுட்டான். நம்ம வாயில் இது உழவர்கரை. ஊர்ப் பெயரிலேயே உழவன் இருக்கிறான். இங்கே கோரிமேட்டில்தான் புதுவை வானொலி நிலையமும் இருக்கிறது. ரெண்டு பேரும் ஒரே ஊர்ல குடியிருக்காங்க. ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கிறாங்களா என்பதுதான் இன்றைய வழக்கு! (கைதட்டல்)

எனக்கு முன்னால் பேசிய சகோதரி, ரேடியோ நெல்லைச் சொன்னார். 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் தஞ்சையில் பரவியதற்குத் திருச்சி வானொலிதான் காரணம், வல்லுநர் சொன்னார், உழவன் விளைத்தான் என்றார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வல்லுநர் வைத்த பேர் என்ன? ஆடுதுறை 27. பஸ் நம்பர் மாதிரி இருக்கு! (சிரிப்பு) ‘ரேடியோ நெல்’னு பேர் வச்சது யாரு? விவசாயி! பேர் வைக்கத் தெரிந்தவனுக்குப் பேசத் தெரியாதா? (பலத்த கைதட்டல்)

1956-ல் புனே வானொலி ஒரு சோதனை செய்தது. சுமார் 150 கிராமங்கள். ஊர்க்காரர்கள் கூடி உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேட்பார்கள். அப்புறம் தங்களுக்குள் விவாதிப்பார்கள். சந்தேகம் இருந்தால் நிலையத்துக்கு எழுதுவார்கள், வானொலியில் பதில் வரும். பலன் இருந்தது. 1959-ல் நாடு முழுவதும் கொண்டு போனார்கள். ஏன் பலித்தது? அந்த வானொலிக்கு வாய் மட்டும் இல்லை, காதும் இருந்தது!

நடுவர் அவர்களே, என் வீட்டுக் கதை ஒன்று. பாகூர்ப் பக்கம் எங்க ஊரு. அம்மா நடவுக்குப் போறவங்க. ஒருநாள் ஒரு நிலையத்திலிருந்து நடவுப் பாட்டு பதிவு செய்ய வந்தார்கள். அம்மா பாடினாங்க. முடிச்சதும், “ஐயா, ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன்”னாங்க. “நாள் முழுக்க சேத்துல குனிஞ்சு நின்னா ராத்திரி இடுப்பு நிமிர மாட்டேங்குது. ஆம்பளைக்கு ஒரு கூலி, எங்களுக்கு ஒரு கூலி...” அவ்வளவுதான். “பாட்டு மட்டும் போதும்மா”ன்னு மைக்கை அணைச்சுட்டாங்க.

வீட்டுக்கு வந்து அம்மா சொன்னாங்க: “ஏம்பா, பாட்டைக் கேட்டாங்க. நாங்க படுற பாட்டைக் கேக்கலையே!” (நீண்ட கைதட்டல்)

இடுப்பு வலிக்கு மருந்து சொல்ல மருத்துவர் வேண்டும். இல்லைன்னு சொல்லலை. ஆனால் ‘வலிக்குது’ன்னு வலிக்கிறவங்கதானே சொல்லணும்? அதைக் கேட்காமல் எழுதுகிற சீட்டு யாருக்குப் பலிக்கும்? ஊர்மக்கள் தப்பாகப் பேசிவிடுவார்கள் என்கிறார் சகோதரி. பேசட்டும்! பேசினால்தானே திருத்த முடியும்? பேசவே விடாவிட்டால் வல்லுநருக்கும் ஒன்றும் தெரியாமல் போகும். அம்மாவின் கூலி அன்று அப்படித்தான் காற்றில் ஏறாமலே போச்சு.

வானலைகள் பொதுச் சொத்து என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2006-ல் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்த அனுமதி வந்தது. சொத்து பொது என்றால் மைக்கும் பொதுதானே? உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகு நம் நடுவர் மாற்றியா சொல்லப் போகிறார்? (சிரிப்பு)

வல்லுநர் பேசட்டும், ஆனால் எங்கம்மா பேசி முடித்த பிறகு பேசட்டும் என்று கூறி அமர்கிறேன். (கைதட்டல்)