முதுகுவலி என்றுதான் சொன்னார் பெரியப்பா



வழக்கமாக நான் இங்கே கேள்வி கேட்பவள். இன்று என்னையே பேச வைத்து விட்டார்கள். நான் படித்தது தகவல் தொடர்பியல் டிப்ளோமா, மருத்துவம் அல்ல. தலைப்பைக் கேட்டதும் அம்மா, "பெண்பிள்ளை நீ, ஆம்பளைங்க சமாச்சாரத்தை டிவியில் பேசணுமா?" என்றார். அந்த வெட்கம்தான் எங்கள் பெரியப்பாவுக்கும் இருந்தது.

பெரியப்பா லோரி ஓட்டியவர். முதுகு வலிக்கிறது என்றார். இத்தனை வருஷம் லோரி ஓட்டினால் வலிக்காதா என்று தைலம் தேய்த்தோம். பக்கத்துக் கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்தார்கள். எட்டு மாதம் இப்படியே போனது. பிறகு ஸ்கேன் எடுத்தபோது முதுகெலும்பில் புற்றுநோய் என்றார்கள். எலும்பில் வந்த நோய் என்றே நினைத்தோம். இல்லை, புரோஸ்டேட் சுரப்பியில் பிறந்து எலும்புக்குக் குடிபோன நோய் என்று டாக்டர் விளக்கினார்.

சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சின்னச் சுரப்பி எங்கே, முதுகுத்தண்டு எங்கே? இந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

சுரப்பியின் உயிரணுக்கள் செங்கல் சுவர் மாதிரி ஒட்டி நிற்பவை. ஒட்ட வைக்கும் சிமெண்டுகளில் ஒன்று ஈ-கேட்ஹெரின் என்னும் புரதம். நோய் முற்றும்போது பல உயிரணுக்களில் இது குறைந்து விடுகிறது. பிடி விட்ட உயிரணு முன்பக்கத்தை நீட்டிப் பற்றிக்கொண்டு, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு நகர்கிறது. ரப்பர் தோட்டத்தில் அட்டை ஊர்வதைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டாம்.

சரி, ஊர்ந்து ரத்தத்தில் இறங்கிய பிறகு ஏன் எலும்புக்கே போக வேண்டும்? 1889-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை ஆராய்ந்து, விதை எல்லாப் பக்கமும் விழுந்தாலும் ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். 1940-இல் அமெரிக்காவின் ஆஸ்கர் பேட்சன் வேறு காரணம் காட்டினார். இடுப்புப் பகுதி ரத்தக் குழாய்கள் முதுகெலும்புக் குழாய்களோடு சேர்கின்றன, அவற்றில் தடுப்பு வால்வுகள் இல்லை, இருமினாலும் முக்கினாலும் ரத்தம் அந்தப் பக்கம் திரும்பும் என்றார். என்னைக் கேட்டால் இரண்டுமே சரி. பேட்சன் காட்டியது பாதை. போன இடத்தில் ஏன் தங்குகிறது என்பதற்கு பேஜட்டிடம்தான் திரும்ப வேண்டும்.

அந்த மண்ணின் ரகசியத்தில் ஒரு பகுதி இப்போது தெரியும். எலும்பு மஜ்ஜையிலுள்ள உயிரணுக்கள் சி.எக்ஸ்.சி.எல்.12 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. ரத்தத்தின் மூல உயிரணுக்களை வீட்டிலேயே இருத்தி வைக்கும் அழைப்பு அது. அதைக் கேட்கும் காது சி.எக்ஸ்.சி.ஆர்.4. புரோஸ்டேட் புற்றுநோய் உயிரணுக்களுக்கும் இதே காது இருப்பதையும், அந்த அழைப்புக்கு அவை நகர்வதையும் 2002-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் டைச்மன் குழு எழுதியது. அம்மா பிள்ளையைக் கூப்பிடுகிறாள், அடுத்த வீட்டுத் திருடன் "இதோ வந்துட்டேன்" என்று உள்ளே நுழைகிறான்!

நுழைந்தவன் சும்மா இருப்பதில்லை. மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் எலும்பை அரிக்கும். இதுவோ எண்டோதீலின்-1 போன்ற சமிக்ஞைகளை அனுப்பிப் புது எலும்பைக் கட்டச் சொல்கிறது. எக்ஸ்ரேயில் வெள்ளை வெளேரென்று தெரியும் அந்த எலும்பு, ஒழுங்கில்லாமல் கட்டியது. பலமும் இல்லை, வலியும் உண்டு. பெரியப்பாவின் முதுகில் இருந்தது அதுதான்.

அந்தக் காதை அடைத்து விட்டால் போதாதா என்று நானும் கேட்டேன். அடைக்கும் மருந்து உண்டு. மஜ்ஜையிலிருந்து மூல உயிரணுக்களை வெளியே கொண்டுவர அதைத் தருகிறார்கள். ஆனால் எலிகளில் அது புற்றுநோய் உயிரணுக்களையும் சேர்த்து ரத்தத்தில் இறக்கி விட்டது. இந்த நோய்க்கு அது வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. பரவிய நோய்க்கு முதல் வழி இன்றும் ஆண் ஹார்மோனைக் குறைப்பதுதான். 1941-இல் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் காட்டிய வழி, 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பெரியப்பாவுக்கும் அந்த ஊசி போட்டார்கள். வலி குறைந்து இரண்டு வருஷம் நம்மோடு இருந்தார். இரவில் நாலைந்து முறை எழுந்து போவார் என்பதைப் பெரியம்மா அதற்குப் பிறகுதான் எங்களிடம் சொன்னார். முதுமையில் அது பெரும்பாலும் சாதாரண வீக்கம்தான். ஆனால் முதுகுவலியோடு சேர்த்து ஒரு வார்த்தை அன்றே சொல்லியிருந்தால், டாக்டர் வேறு பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்.

இந்தப் பேச்சைத் தயார் செய்யும்போது பெரியப்பாவின் மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். அண்ணனுக்கு 53 வயது. அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கு வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அந்த பி.எஸ்.ஏ. டெஸ்டுக்கு ரத்தம் மட்டும் கொடுத்தா போதுமா?" என்று கேட்டார். "முதல்ல அது போதும்ணே. அளவு கூடினா எல்லாமே புற்றுநோய்னு பயப்படாதீங்க, டாக்டர் பார்த்துச் சொல்வார்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை போகிறார். அண்ணியும் கூடப் போகிறார்.