கங்கை தாங்கிய கருணை

ஆர்த்து வந்த கங்கையைப் பெருமான் திருச்சடையில் தாங்கினான். தனக்கென்று தேக்கிவிடாமல், உலகம் பொறுக்கும் அளவாக விடுத்தான். நீரை ஆளும் முறை அதுவே.

வெள்ளியங்கிரியில் தோன்றிப் பேரூரைத் தொட்டு, நம் மண்ணரை அருகே ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யலிடத்து நாம் அம்முறையை மறந்தோம். சாயநீரை அதில் விட்டோம். பாசனத்திற்கென 1992இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று; உழவர்தம் கிணறுகள் உவர்ந்தன. 2011இல் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. தொழிலாளர் இல்லங்களில் அடுப்பும் அணைந்தது. கழிவுநீரை வெளிவிடாது மீட்டுப் பயன்கொள்ளும் முறை அதன்பின்னரே வலுப்பெற்றது.

நம் பிழைப்பும் நிலைக்க வேண்டும். மீனும் தவளையும் வாழ ஆற்றின் பங்கும் ஆற்றில் நிற்க வேண்டும். அந்நொய்யலில் அபிடேகத்திற்கு ஒரு குடம் அள்ளும் நாளே நமக்கு மெய்யான திருவிழா.

திருச்சிற்றம்பலம்.