மகாவீரர் சக்ரம் இருமுறை: விங் கமாண்டர் பத்மநாப கௌதம்



நம் புதுமடத்துக்குப் பக்கத்து ஊர் உச்சிப்புளி. அங்கே ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத்தளம் 2009 முதல் இயங்குகிறது. விமான இரைச்சல் நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஆனால் போரில் விமானம் ஓட்டிய ஒருவரின் பெயரைச் சொல்லச் சொன்னால் திகைக்கிறார்கள். அதனால்தான் இன்று விங் கமாண்டர் பத்மநாப கௌதமைப் பற்றிப் பேச வந்தேன்.

அவர் ஓட்டியது கான்பெரா என்னும் குண்டுவீச்சு விமானம். உள்ளே இரண்டே பேர். விமானி மேலே கண்ணாடிக் கூண்டுக்குள். வழி சொல்லும் நேவிகேட்டர் மூக்குப் பகுதியில், வரைபடங்களோடு. விமானம் அடிபட்டால் விமானியை இருக்கையோடு வெளியே தூக்கி எறியும் வசதி உண்டு. நேவிகேட்டருக்கு அது கிடையாது. கதவைத் திறந்து பாராசூட்டோடு குதிக்க வேண்டும். தாழப் பறக்கும்போது அதற்கு நேரம் ஏது? ஆக, விமானி எடுக்கும் ஒவ்வொரு முடிவிலும் இன்னொருவர் உயிரும் அடங்கியிருக்கிறது. கௌதமின் துணிச்சலை இதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

1965 செப்டம்பர் போரில் அவர் ஸ்குவாட்ரன் லீடர். பாகிஸ்தானின் சேபர், ஸ்டார்ஃபைட்டர் விமானங்களிடம் பகலில் சிக்கினால் கான்பெரா தப்புவது கடினம். அதனால் பெரும்பாலும் இரவில்தான் போனார்கள். அமாவாசை இருட்டில் கரை தெரியாமல் வள்ளம் ஓட்டிய நம் கடலோடிகளுக்கு அந்தப் பயணத்தின் பாடு புரியும். அந்தப் போரில் குண்டுவீச்சுப் பயணங்களைத் தலைமையேற்று நடத்தியதற்கே முதல் மகாவீரர் சக்ரம்.

1971 போரில் 16-ஆம் ஸ்குவாட்ரனின் தளபதி அவர். உத்தரவு போட்டுவிட்டுத் தளத்தில் இருந்திருக்கலாம்; தானே முன்னால் போனார். டிசம்பர் முதல் வாரத்தில் பாகிஸ்தானின் மியான்வாலி விமானத்தளத்தை இருமுறை தாழப் பறந்து தாக்கினார். பிறகு மாண்ட்கோமரி–ராய்விண்ட் ரயில் பாதையில் இருந்த யார்டுகள் மீது ராக்கெட்டும் பீரங்கியும் கொண்டு தாக்குதல். தரையிலிருந்து கடுமையாகச் சுட்டார்கள். அவரோ ஒருமுறை அடித்ததோடு திரும்பவில்லை, மீண்டும் மீண்டும் பாய்ந்தார். முதல் பாய்ச்சலில் எதிரி அசந்திருக்கலாம். அடுத்ததில் துப்பாக்கியைக் குறிபார்த்துக் காத்திருப்பான். அது தெரிந்தே திரும்பிப் போனதைத்தான் நான் வீரம் என்கிறேன். குண்டு விழுந்த இடத்திலும் மனிதர்கள் இருந்தார்கள் என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும் அவர் தாக்கியவை போருக்குப் பயன்பட்ட தளமும் தண்டவாளமும்.

பரம்வீர் சக்ரத்துக்கு அடுத்த விருது மகாவீரர் சக்ரம். அதை இருமுறை பெற்றவர்கள் நாட்டிலேயே ஆறு பேர்தான். அவர்களில் ஒருவர் கௌதம். போர் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. 1972 நவம்பர் 25 அன்று புணேயில் நடந்த மிக்-21 விபத்தில், நாற்பது வயதைத் தொடாமலே உயிர் துறந்தார்.

பள்ளி நிர்வாகத்தாருக்கு ஒரு விண்ணப்பம். இந்த ஆண்டு விழாவில் ஒரு பரிசையாவது பத்மநாப கௌதம் பெயரில் கொடுங்கள்.