மயில் எந்தக் காலை முதலில் தூக்கும்?



ஓர் ஓவிய ஆசிரியரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. ஆகவே சீன அரண்மனைக்குள் நுழையுமுன் ஒரு பாடத்தாளைக் காட்ட விரும்புகிறேன். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள அந்தச் சிறிய பட்டுத் துண்டில் சிட்டுக்குருவி, வாலாட்டி, சிள்வண்டு, வெட்டுக்கிளி, ஆமை என 24 உயிர்கள் இருக்கின்றன. பின்னணி கிடையாது, ஒன்றுக்கொன்று தொடர்பும் கிடையாது. ஒரு குஞ்சுக்குருவி மட்டும் சிறகை அடித்து, வாயைப் பிளந்து இரை கேட்கிறது. 10ஆம் நூற்றாண்டில், இன்றைய சிச்சுவான் பகுதியை ஆண்ட ஷூ அரசவையின் ஓவியர் ஹுவாங் ச்சுவான் வரைந்தது. மகன் பழகுவதற்காகத் தந்தது என்று மூலையில் எழுதியிருக்கிறது.

அரண்மனைப் பறவை-மலர் ஓவியத்தை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அந்தக் குஞ்சைப் பார்த்த பிறகு என்னால் அதை ஏற்க முடிவதில்லை.

வேலைமுறையைச் சொல்கிறேன். வண்ணம் ஊறிப் பரவாதிருக்கப் பட்டின்மேல் பசையும் படிகாரமும் பூசுவார்கள். மெல்லிய மைக்கோட்டால் உருவம் எழுதி, நீர்த்த வண்ணத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவார்கள். கடைசியில் அந்தக் கோடு இறகுக்குள் ஒளிந்துவிடும். சிவப்புக்குச் சாதிலிங்கம், நீலமும் பச்சையும் செம்புக் கனிமக் கற்களை அரைத்தெடுத்தவை. சில இடங்களில் பட்டின் பின்புறமும் வண்ணம் இடுவார்கள். முன்னால் அது மெதுவாகக் கசிந்து தெரியும். அவசரக்காரனுக்கு உரிய தொழில் அல்ல இது.

965இல் ஷூ அரசு வீழ்ந்தது. ஹுவாங் குடும்பம் சோங் தலைநகர் கைஃபெங்குக்குப் போனது. ஏறத்தாழ நூறாண்டு அவர்கள் பாணியே அரசவை ஓவியத்தின் அளவுகோல்.

பிறகு ஹுய்சோங் வந்தார். 1100இல் அரியணை ஏறிய இந்தச் சக்கரவர்த்தி 1104இல் ஓவியப் பள்ளியே நிறுவினார். அவர் அவையில் தொகுத்த ஓவியப் பட்டியலில் 6,396 படைப்புகள். 2,700க்கும் மேற்பட்டவை பறவையும் மலரும். 12ஆம் நூற்றாண்டில் தெங் சுன் எழுதிய நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. அரண்மனையில் லிச்சி மரம் காய்த்திருந்தது, அதனடியில் மயில். வரையச் சொன்னார் சக்கரவர்த்தி. வண்ணங்கள் ஒளிர்ந்தன, மயில் மேடேற வலக்காலைத் தூக்கியிருந்தது. தவறு என்றார். என்ன தவறென்று ஓவியர்களுக்குப் புரியவில்லை. சில நாள் கழித்து அவரே சொன்னார்: மயில் உயரம் ஏறும்போது இடக்காலைத்தான் முதலில் தூக்கும். நடந்ததோ, கதையோ, அந்த அவையில் எது பிழையாகக் கருதப்பட்டது என்பதை இது காட்டுகிறது. பறவையின் கண்ணை ஹுய்சோங் அரக்குப் பாலால் புள்ளியிடுவார், அது பட்டிலிருந்து மேலெழும்பி அசைவதுபோல் இருக்கும் என்றும் தெங் சுன் எழுதுகிறார்.

அவர் பெயரில் உள்ள பல ஓவியங்களை அரசவை ஓவியர்களே வரைந்திருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. இருக்கட்டும். பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர். எனக்கு அது போதும்.

அவற்றில் ஒரே ஓவியத்தை மட்டும் சொல்லி முடிக்கிறேன். 1112ஆம் ஆண்டு, முதல் மாத விளக்குத் திருவிழாவின் மறுநாள் மாலை. அரண்மனை வாயிலின் மேல் பெருங்கொக்குகள் கூட்டமாக வந்து வட்டமிட்டன. நன்னிமித்தம் என்று மக்கள் வியந்து நின்றார்கள். ஓவியத்தில் 20 பறவைகள். நீல வானில் 18, கூரை முகட்டில் 2. எந்த இரண்டின் கழுத்தும் ஒன்றுபோல் வளையவில்லை. அடியில் மேகம், மேகத்துக்குள் ஓடுவேய்ந்த கூரை மட்டும்.

அதன் பதினைந்தாம் ஆண்டில், வடக்கிலிருந்து வந்த ஜூர்ச்சென் படை கைஃபெங்கைச் சூறையாடியது. ஹுய்சோங் கைதியாக வடகிழக்கே கொண்டுபோகப்பட்டு, 1135இல் அங்கேயே இறந்தார். ஓவியம் கைமாறிக் கைமாறிச் சிங் வம்ச அரண்மனையை அடைந்தது. கடைசி அரசர் பு யீயோடு அதுவும் வடகிழக்கே போயிற்று. இன்று ஷென்யாங்கில், லியாவ்நிங் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த வாயில் இப்போது இல்லை. இரண்டு கொக்குகள் அதன் முகட்டில் நிற்கின்றன.