தாழ்பாதைக் கலங்களும் இடமறி கருவியும்

2022 ஆகஸ்டு 7 ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறிய ஏவுகலம் முதன்முறையாகக் கிளம்பிற்று. திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் வடிவமைத்த கலம் அது. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது சிறிது நேரமே நீடித்த ஓர் அதிர்வு, முடுக்கமானிகளின் அளவீட்டைக் குலைத்தது. அவை பழுதுற்றன என்று கலத்தின் கணிப்பொறி முடிவு கட்டியது. உண்மையில் பழுது ஏதுமில்லை. மாற்று ஏற்பாட்டில் பயணம் தொடர்ந்தது. இறுதியில் நேர்ந்த வேகக் குறைவு நொடிக்கு 56 மீட்டர்தான். ஆயினும் 356 கிலோ மீட்டர் உயர வட்டப் பாதைக்குப் பதிலாக, ஒரு முனையில் 76 கிலோ மீட்டருக்குத் தாழ்ந்த நீள்வட்டமே கிட்டியது. அவ்வுயரத்துக் காற்று எந்தச் செயற்கைக் கோளையும் விட்டுவைப்பதில்லை. 75 பள்ளிகளின் 750 மாணவியர் உழைப்பில் உருவான ஆசாதிசாட்டும் வீணாயிற்று.

ஆய்வுக்குப் பின் கூறப்பட்ட திருத்தங்களுள் ஒன்று கருதத்தக்கது. இத்தகைய நெருக்கடியில், நாவிக் செயற்கைக் கோள்கள் தரும் இடக் குறிப்பைக் கொண்டு கலத்தை வழிநடத்த வேண்டும் என்பதே அது. 2023 பிப்ரவரி 10 ஆம் நாள் அடுத்த ஏவுகலம் வெற்றி பெற்றது. மாணவியரின் இரண்டாவது கோளும் அதில் சென்றது.

இடமறிதல் என்பது அடிப்படையில் காலக் கணக்கே. குறைந்தது நான்கு கோள்களின் அலைகள் வந்து சேரும் நேரத்தை ஏற்பி அளக்கிறது. ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால், தொலைவில் 300 மீட்டர் பிழைக்கும். இதைக் கைப்பேசியே செய்கிறதே என்று நேயர்கள் கேட்கலாம். கைப்பேசி பேருந்தில் போகிறது; தாழ்பாதைக் கலமோ நொடிக்குச் சுமார் 7.5 கிலோ மீட்டர் விரைகிறது. அந்த வேகத்தில் அலையின் அதிர்வெண் தரையில் காண்பதைப் போல் பல மடங்கு விலகுகிறது. மேலும், சந்தையிலுள்ள பொதுக் கருவிகள் பல 18 கிலோ மீட்டர் உயரத்தையும், மணிக்குச் சுமார் 1,850 கிலோ மீட்டர் வேகத்தையும் கடந்தால் இயங்க மறுக்கும். ஏவுகணைகளுக்குப் பயன்பட்டுவிடக் கூடாதென்னும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டின் விளைவு இது. ஆகவே பணமிருந்தும் கடையில் வாங்கிப் பொருத்தும் சரக்கன்று இது. தரை நிலையங்களை மட்டும் நம்பினாலோ, ஒரு நிலையத்தின் பார்வையில் கலம் தங்குவது ஒரு சுற்றில் பத்து நிமிட அளவே.

2024 டிசம்பர் 30 ஆம் நாள் ஏவப்பட்ட ஸ்பேடெக்ஸ் திட்டம் இக்கலையின் நுட்பத்தைக் காட்டிற்று. தலா சுமார் 220 கிலோ எடையுள்ள இரு கலங்களிலும் ஏற்பிகள் இருந்தன. அவை தம் அளவீடுகளை வானொலி அலைவழி பரிமாறி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தன. இரண்டுக்கும் பொதுவான பிழைகள் கழித்தலில் அடிபட்டுப் போயின. இடைத் தொலைவும் வேகமும் துல்லியமாகக் கிட்டின. நெருங்கிய நிலையில் லேசர் முதலிய பிற உணர்கருவிகள் பொறுப்பேற்றன. தேதி இருமுறை தள்ளிப்போய், 2025 ஜனவரி 16 இல் அவை இணைந்தன.

ஏற்பி உள்நாட்டினது; அது கேட்கும் அலைகளோ முழுவதும் அவ்வாறல்ல. நாவிக் சேவை இந்தியாவுக்கும் அதைச் சூழ 1,500 கிலோ மீட்டர் வரைக்கும் வகுக்கப்பட்டது. உலகைச் சுற்றும் கலம் எஞ்சிய வழியில் அயல்நாட்டுக் கோள்களையே நாட வேண்டும். 2025 ஜனவரி 29 இல் நாவிக்குக்காக ஏவப்பட்ட என்.வி.எஸ்.-02 கோளும் தனக்குரிய பாதையை எட்டவில்லை.