பரண் மேல தூங்குற லேப்டாப்

அம்பத்தூர்ல இருந்து பேசறேன். மின்சார ரயில்ல நின்னுக்கிட்டே கேக்கறவங்க ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கங்க, இன்னிக்கு கொஞ்சம் நீளமாப் பேசப் போறேன்.

இன்னிக்கு புது போன் பத்தியோ ஏ.ஐ. பத்தியோ பேசப் போறதில்ல. உங்க வீட்டுப் பரண்லயோ பீரோவுக்கு மேலயோ ஒரு பழைய லேப்டாப் துணிப்பையில சுத்தி இருக்கும் இல்லையா, அதைப் பத்தித்தான். அதைத் தூக்கிப் போடலாமா, வித்துடலாமா, இல்ல இன்னும் உயிர் இருக்கா?

இந்தக் கேள்வி இப்ப வர ஒரு காரணம் இருக்கு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துட்டு வந்த இலவச ஆதரவு முடிஞ்சுது. அதுக்காக அன்னிக்கு ராத்திரி உங்க கம்ப்யூட்டர் நின்னுடாது. வழக்கம்போல ஓடும். ஆனா புதுசா ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிச்சா அதை அடைக்கிற அப்டேட் வராது. வீட்டுப் பயனாளர்கள் பதிவு பண்ணிக்கிட்டா 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் மட்டும் கிடைக்கும். அதுக்கப்புறம் அதுவும் கிடையாது.

சரி, விண்டோஸ் 11-க்கு மாறலாமேன்னா, அங்கதான் சிக்கல். டி.பி.எம் 2.0-ன்னு ஒரு பாதுகாப்பு சிப் வேணும், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாம் தலைமுறை செயலியோ அதுக்கு மேலயோ இருக்கணும், 4 ஜி.பி. ரேம் வேணும். 2016-ல வாங்கின நல்ல லேப்டாப்கூட இந்தத் தேர்வுல ஃபெயில். கீபோர்டு, ஸ்க்ரீன் எல்லாம் நல்லா இருக்கு, தேதிதான் முடிஞ்சு போச்சு.

நம்ம பக்கத்துக்கு வருவோம். சென்ட்ரல்ல இருந்து அரக்கோணம் போற பாதையில அம்பத்தூர், ஆவடி தாண்டினா திருவள்ளூர். அதுக்குப் பக்கத்துல காக்களூர். 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்த நாள் அன்னிக்கு, தமிழக அரசோட இலவச லேப்டாப் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வச்சது அங்கதான். அப்போ அம்பத்தூரும் திருவள்ளூர் மாவட்டம்தான், 2018-லதான் சென்னை மாவட்டத்துல சேர்த்தாங்க. ஆக, அந்தத் திட்டம் நம்ம மாவட்டத்துலயே பிறந்ததுன்னு சொல்லலாம். முதல் வருஷத்துக்கு மட்டும் 9.12 லட்சம் லேப்டாப் திட்டமிட்டாங்க. எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு வாங்கினது.

அந்த லேப்டாப்ல இன்னொரு விஷயமும் இருந்துச்சு, அதைப் பலர் திறந்துகூடப் பாத்திருக்க மாட்டாங்க. விண்டோஸ் கூடவே பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தாங்க. இது சி-டாக் உருவாக்கினது, டெபியன் லினக்ஸை அடிப்படையா வச்சது. ஆன் பண்ணும்போது ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். எங்க தெருப் பசங்க எல்லாம் விண்டோஸைத் தொட்டாங்க, கேம் போட்டாங்க, படம் பாத்தாங்க. பாஸ் ஓரமா உக்காந்திருந்துச்சு. இதுல ஒரு வேடிக்கை பாருங்க. 2014 ஏப்ரல்ல விண்டோஸ் எக்ஸ்பி-க்கு ஆதரவு முடிஞ்சப்போ, அரசு அலுவலகக் கம்ப்யூட்டர்கள்ல பாஸ் லினக்ஸ் போடச் சொல்லி தமிழக அரசே அறிவுறுத்துச்சு. அதாவது இன்னிக்கு நாம பேசற பிரச்சனையும் புதுசு இல்ல, அதுக்கான விடையும் புதுசு இல்ல.

இப்போ எங்க எதிர்வீட்டுக் கதை. அந்த அக்கா எஸ்டேட்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில தைக்கறாங்க. அவங்க வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டறார், பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவுல நாள் பூரா சுத்திக்கிட்டே இருப்பார். பொண்ணு காலேஜ் முதல் வருஷம். வீட்டுல ஸ்மார்ட்போன் ஒண்ணே ஒண்ணு. லோடு கால் வரதால அது அப்பா கூடப் போயிடும். அவர் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து சாப்பிட உக்காந்தாத்தான் போன் பொண்ணு கைக்கு வரும். அசைன்மென்ட், காலேஜ் வாட்ஸ்அப் குரூப்புல வந்த பி.டி.எஃப், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் எல்லாமே அந்த ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள. ஆன்லைன் வாழ்க்கைன்னு நாம பேசறோமே, அந்த வீட்டுக்கு அது ராத்திரி ஒன்பதுக்குத் தொடங்கி பத்தரைக்கு முடிஞ்சுடும்.

ஒருநாள் அக்கா சொன்னாங்க, "தம்பி, இவ மாமாவோட கவர்மென்ட் லேப்டாப் ஒண்ணு பரண்ல கிடக்கு. கடையில கேட்டேன், இது ஓடாதும்மா, 800 ரூபா தரேன்னாங்க. குடுத்துடவா?" நான் சொன்னேன், "குடுக்காதீங்கக்கா, ஒரு ஞாயித்துக்கிழமை எனக்குக் குடுங்க."

அந்த ஞாயித்துக்கிழமை என்ன பண்ணோம்னு வரிசையாச் சொல்றேன். நீங்களும் பண்ணலாம்.

முதல்ல பேட்டரி. உப்பி இருக்கான்னு பாருங்க. உப்பி இருந்தா சார்ஜ் போடவே கூடாது. கழட்டி, மின்னணுக் கழிவு எடுக்கறவங்ககிட்டக் கொடுங்க. குப்பைத் தொட்டியில போட்டா அமுங்கித் தீப்பிடிக்கும். இது உப்பல, ஆனா சுத்தமா செத்திருந்துச்சு. நல்லவேளை, இந்த மாதிரி பழைய லேப்டாப்ல பேட்டரியைக் கழட்டி வச்சுட்டு நேரா கரண்ட்ல ஓட்டலாம்.

ரெண்டாவது, ஆன் பண்ணா தேதி தப்பா இருந்துச்சு. எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் 'பாதுகாப்பு இல்லை'ன்னு எச்சரிக்கை. இதைப் பாத்துட்டுத்தான் பல பேர் கம்ப்யூட்டரே போச்சுன்னு முடிவு பண்ணிடறாங்க. விஷயம் சின்னது. மதர்போர்டுல காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், 2032-ன்னு கேட்டா வாட்ச் கடையிலயே கிடைக்கும். அது தீர்ந்தா தேதி பழைய வருஷத்துக்குப் போயிடும். வெப்சைட்டோட பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஒரு தொடக்கத் தேதி, ஒரு முடிவுத் தேதி உண்டு. உங்க கம்ப்யூட்டர் அந்தத் தேதிக்கு முன்னாடி உக்காந்திருந்தா, பிரவுசர் அந்தச் சான்றிதழை நம்பாது. அவ்வளவுதான்.

மூணாவது, ஹார்ட் டிஸ்க். பழைய சுத்துற டிஸ்க்கை எடுத்துட்டு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போட்டோம். 2 ஜி.பி. ரேமோட இன்னொரு 4 ஜி.பி. சேர்த்தோம். ரேம் பழைய டி.டி.ஆர்.3 வகை, செகண்ட் ஹேண்ட்தான். எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினது. எனக்கு ஆன செலவு 2,300 ரூபாய். இதுல வேகத்தைக் கூட்டினது எஸ்.எஸ்.டி.தான். கையில காசு கம்மின்னா முதல்ல அதை மாத்துங்க.

எடுத்த பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடல. ஒரு யூ.எஸ்.பி. கேஸ்ல போட்டுத் திறந்தா, மாமாவோட ப்ளஸ் டூ ஃபேர்வெல் போட்டோ, இப்போ இல்லாத தாத்தா அவர் தோள்ல கை போட்டு நிக்கிற படம், எல்லாம் அப்படியே இருக்கு. அக்கா ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பாத்துட்டு இருந்தாங்க. அந்த 800 ரூபாய்ல இதுவும் போயிருக்கும்.

நாலாவது, சிஸ்டம். அதுல இருந்தது விண்டோஸ் 7. அதோட ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிஞ்சாச்சு, 2023-ல இருந்து புது குரோமும் அதுல வராது. அதனால லினக்ஸ் மின்ட், அதுலயும் இலேசான எக்ஸ்.எஃப்.சி.ஈ. வகையைப் போட்டோம். நேரா இன்ஸ்டால் பண்ணாதீங்க. 8 ஜி.பி. பென் டிரைவ்ல ஏத்தி, அதுல இருந்தே ஓட்டிப் பாருங்க. வைஃபை பிடிக்குதா, சவுண்ட் வருதா, கேமரா வேலை செய்யுதா? எல்லாம் சரின்னா மட்டும் இன்ஸ்டால். பிடிக்கலைன்னா பென் டிரைவைப் பிடுங்கிட்டா போதும், உள்ளே எதுவும் மாறியிருக்காது.

தமிழ் டைப்பிங்கும் வருது. ஐபஸ்ல எம்17என் சேர்த்தா தமிழ்99, ஃபோனெட்டிக் ரெண்டுமே கிடைக்கும். 1999-ல சென்னையில நடந்த தமிழிணைய மாநாட்டுல இருந்து வந்த விசைப்பலகைதான் தமிழ்99. பொண்ணு ஒரு வாரத்துல பழகிட்டா. தமிழ்ப் பாட அசைன்மென்ட்டை லிப்ரே ஆபீஸ்ல டைப் பண்ணி எடுத்துட்டுப் போனா.

லினக்ஸ் போட்டா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்ல மாட்டேன். டாலி மாதிரி விண்டோஸுக்குன்னே எழுதின மென்பொருள் வேணும்னா இது உங்களுக்கு இல்ல. சில பிரின்டர் ஒத்துழைக்காது. டேப் நிறைய திறந்தா மூச்சு வாங்கும். ஆனா படிக்க, எழுத, பைத்தான் கத்துக்க, விண்ணப்பம் போட, வீடியோ பாடம் பாக்க, தாராளமாப் போதும்.

இவ்வளவும் சுலபமான பாதி. கஷ்டமான பாதியை நான் எதிர்பாக்கல.

மறுநாள் மத்தியானம் பொண்ணு வந்து நிக்கறா. "அண்ணா, லேப்டாப் ஓடுது, ஆனா எதுக்குள்ளயும் போக முடியல." என்னன்னு பாத்தா, மெயில் லாகின் பண்ணா அனுமதி கேட்டு அப்பா போனுக்குப் போகுது. ஸ்காலர்ஷிப் தளத்துல ஓ.டி.பி. அப்பா போனுக்குப் போகுது. டிஜிலாக்கரும் அப்படித்தான். அப்பா அந்த நேரம் பூந்தமல்லி பைபாஸ்ல வண்டி ஓட்டிட்டு இருக்கார். கம்ப்யூட்டர் வீட்டுல இருக்கு, சாவி ரோட்டுல ஓடிக்கிட்டு இருக்கு.

அப்போ என்ன பண்ணுவாங்க? அம்மா போன்ல இருந்து கூப்பிட்டு, "அப்பா, ஒரு நம்பர் வந்திருக்கும், படிங்க." அவரும் வண்டியை ஓரம் கட்டிட்டுப் படிப்பார். இதை நல்லா யோசிங்க. ஓ.டி.பி.யை யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு பேங்க் எத்தனை தடவை சொன்னாலும், இந்த வீட்டுல ஓ.டி.பி.யை போன்ல சொல்றது அன்றாட வழக்கம். மோசடிக்காரன் கூப்பிட்டாலும் அதே வழக்கம்தான் கை கொடுக்கும். ஏமாறுறவங்க படிக்காதவங்கன்னு பேசறோம். அப்படி இல்ல. ஆளுக்கொரு போன் இருக்கும்னு நினைச்சு உருவாக்கின முறையில, ஒரு போன்ல நாலு பேர் வாழறாங்க.

அதனால மூணு காரியம் செஞ்சோம். ஒண்ணு, பொண்ணுக்குத் தனி கூகுள் கணக்கு. அதுல பேக்கப் கோடுன்னு பத்து எண்கள் கொடுப்பாங்க, ஒவ்வொண்ணும் ஒரு தடவைதான் வேலை செய்யும். அதைப் பேப்பர்ல எழுதி சர்டிஃபிகேட் ஃபைல்ல வச்சாச்சு. இனி மெயிலுக்கு அப்பா போன் தேவையில்ல. ரெண்டு, அக்கா வச்சிருந்த பட்டன் போன் நம்பரை அவளோட படிப்பு சம்பந்தமான தளங்கள்ல பதிவு பண்ணோம். ஓ.டி.பி. வெறும் எஸ்.எம்.எஸ்.தானே, அதுக்கு ஸ்மார்ட்போன் எதுக்கு? அக்கா வேலைக்குப் போறப்போ அந்த போன் இனி வீட்டுலயே இருக்கும். இதை அவங்களே சொன்னாங்க, "கம்பெனியில எனக்கு யாருப்பா கூப்பிடப் போறா?" மூணு, பேங்க், ஆதார் சம்பந்தப்பட்ட எதுவும் அப்பா வீட்டுல இருக்கும்போது மட்டும். போன்ல யார் கேட்டாலும், பொண்ணு குரல்ல கேட்டாலும், அந்த ஓ.டி.பி.யைச் சொல்லக் கூடாதுன்னு எல்லாருமா உக்காந்து முடிவு பண்ணோம். தப்பா ஏதாவது நடந்துட்டா உடனே 1930-க்கு அடிக்கணும்னு காலண்டர்லயே எழுதி வச்சிருக்காங்க.

அவ இப்போ காலேஜ் முடிஞ்சு மூணு மணிக்கு வந்தா, அஞ்சரை வரைக்கும் லேப்டாப் முன்னாடி இருக்கா. ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பா போனை யாரும் பிடுங்கறதில்ல. அவர் சாப்பிட்டுட்டு நிம்மதியா ரெண்டு காமெடி சீன் பாக்கறாராம்.

2025-26 பட்ஜெட்ல, ரெண்டு வருஷத்துல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப் கொடுக்கறதா தமிழக அரசு அறிவிச்சிருக்கு. நல்ல விஷயம். ஆனா புதுசு வந்ததும் பழசைப் பாதி விலைக்குத் தள்ளி விடாதீங்க. தம்பிக்கோ, எதிர்வீட்டுக்கோ அது ஒரு மத்தியானத்தைக் கொடுக்கும்.

கொடுக்கறதா இருந்தா, முதல்ல உங்க போட்டோ, ஆதார் ஸ்கேன் எல்லாம் வேற இடத்துல காப்பி பண்ணிட்டு, பிரவுசர்ல சேமிச்ச பாஸ்வேர்டை அழிச்சுட்டு, டிஸ்க்கை முழுசாத் துடைச்சுட்டுக் கொடுங்க. டெலீட் பட்டனை அழுத்தறதும் ரீசைக்கிள் பின்னைக் காலி பண்றதும் அழிக்கறது ஆகாது, திரும்ப எடுத்துடலாம்.

தனியாப் பண்ண தயக்கமா இருந்தா, சென்னையில லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கு, கேட்டா சலிக்காம சொல்லிக் கொடுப்பாங்க. தமிழ்லயே படிக்கணும்னா 2012-ல இருந்து வர கணியம் மின்னிதழ் இருக்கு.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு ஸ்டூலைப் போட்டுப் பரணைப் பாருங்க. என்ன மாடல் கிடைச்சுதுன்னு எங்களுக்கு எழுதுங்க, எது ஓடும் எது ஓடாதுன்னு அடுத்த எபிசோட்ல சேர்ந்து பாக்கலாம்.