அப்டேட்டில் போன் நின்றுவிட்டதா? அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்!



ராத்திரி அப்டேட் போட்டுட்டுப் படுத்திருப்போம். காலையில பார்த்தா, போன் கம்பெனி சின்னத்திலேயே நிக்கும். பேங்க், கேஸ் புக்கிங், பிள்ளைகளோட சான்றிதழ், எல்லாமே அதுக்குள்ளதான். அந்தப் பதற்றத்தில்தான் பலர் 'வைப் டேட்டா' என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். போன் ஆன் ஆகலாம். ஆனால் பேக்கப் எடுக்காத படங்கள் போனது போனதுதான். இன்றைய போன்களில் தகவல்கள் பூட்டியே சேமிக்கப்படுவதால், அழித்தபின் கடைக்காரராலும் மீட்பது அரிது. ஆகவே அது கடைசி வழி.

அப்போ முதல்ல என்ன பண்றது? சார்ஜரில் அரை மணி நேரம் போடுங்கள். அடுத்து, பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து 10 முதல் 20 விநாடி அழுத்திப் பிடியுங்கள். 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், பல போன்களில் பழைய மென்பொருளும் பத்திரமாக இருக்கும். புதியது கிளம்பாவிட்டால் போன் தானே பழையதற்குத் திரும்பும். ரெண்டு மூணு தடவை முயன்று பாருங்க.

அப்படியும் சரியாகாமல் 'ரெகவரி' திரை வந்தால், 'ரீபூட் சிஸ்டம் நவ்', 'வைப் கேஷ் பார்ட்டிஷன்' இரண்டும் உங்கள் படங்களைத் தொடாது. ஐபோனை ரெகவரி நிலையில் கணினியுடன் இணைத்தால் 'அப்டேட்', 'ரீஸ்டோர்' என இரண்டு கேட்கும். 'அப்டேட்' கொடுங்கள், 'ரீஸ்டோர்' எல்லாவற்றையும் அழித்துவிடும்.

இதற்கிடையே வேலை நிற்க வேண்டாம். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி வரும். டிஜிலாக்கரில் உள்ள ஓட்டுநர் உரிமமும் ஆர்.சி.யும் போனோடு போய்விடாது. வீட்டில் இன்னொருவர் போனிலிருந்தும் உங்கள் கணக்கைத் திறக்கலாம்.

சர்வீஸ் சென்டர் எண்ணை போன் பில்லிலோ, நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலோ பாருங்கள். இணையத்தில் தேடினால் போலி எண்களும் வரும். ஓடிபி, பின் கேட்டால் போனை வெச்சிடுங்க. பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

அடுத்த அப்டேட்டுக்கு முன்னால் பேக்கப் எடுங்கள், பாதிக்கு மேல் சார்ஜ் வையுங்கள். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போனை அழிக்கவே நேர்ந்தால், திரும்ப ஆன் செய்யும்போது அதைத்தான் கேட்கும்.